விவாத இழை: வசீகரமான தாதாவைப் பற்றி ஆவணப்படம் – படம் அவர் கைக்குள் போய்விடாமல் இருக்க என்ன செய்வது?

நெடும்பதிவு (இழையைத் தொடங்கியவர்)

குற்றக் கும்பல் ஒன்றின் முன்னாள் தலைவரை மையமாக வைத்து 80 நிமிட ஆவணப்படம் என்று எடுத்துக்கொள்வோம். தண்டனை அனுபவித்து வெளியே வந்தவர். கேமரா முன் பேசச் சம்மதம், இன்றைய முகத்தைக் காட்டக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. பேச்சில் கெட்டிக்காரர்; சிரிக்க வைப்பார், கண் கலங்கவும் வைப்பார். சிக்கலே அதுதான். இந்த வகையில் வந்த பல படங்கள் விசாரிக்கக் கிளம்பி, கடைசியில் அவருக்கே மாலை போட்டுவிட்டு வருகின்றன.

ஆராய்ச்சி, ஒளிப்பதிவு, ஒலி, எடிட்டிங், சட்டம் என்று எந்தக் கட்டத்தில் எது தவறுகிறது, அதற்கு நடைமுறையில் என்ன செய்யலாம் என்று அந்தந்த வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள். "நடுநிலையாக இருங்கள்" போன்ற பொது அறிவுரை வேண்டாம்.

மறுபக்கம்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வசீகரம் அவருடைய குணம் என்று நினைத்துப் படம் எடுத்தால் தோற்றோம். அது அவருடைய தொழில் கருவி. ஆள் சேர்க்க, சாட்சியை வாயடைக்க, அக்கம்பக்கத்தைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள அது உதவியிருக்கிறது. பணம் எப்படிப் புரண்டது என்று விளக்குகிற அதே கவனத்தோடு வசீகரம் எப்படி வேலை செய்தது என்பதையும் படம் விளக்க வேண்டும்.

நியூயார்க் மாஃபியா தலைவர் ஜான் காட்டி நல்ல உதாரணம். நியூயார்க்கின் ஓசோன் பார்க்கில் ஒவ்வொரு ஜூலை 4-ம் தேதியும் அனுமதியில்லாத வாணவேடிக்கை, தெரு விருந்து. விலை உயர்ந்த சூட், நீதிமன்ற வாசலில் புன்னகை. வழக்குகள் அடுத்தடுத்து விடுதலையில் முடிந்ததும் எதுவும் ஒட்டாத 'டெஃப்லான் டான்' என்று பத்திரிகைகள் பட்டம் கட்டின. இதை மட்டும் அடுக்கினால் பார்ப்பவருக்குப் பிடித்துத்தான் போகும். ஆனால் 1987-ல் கிடைத்த விடுதலைக்குப் பின்னால் 60,000 டாலர் லஞ்சம் வாங்கிய ஜூரர் (தீர்ப்புச் சொல்லும் ஜூரியில் ஓர் உறுப்பினர்) ஒருவர் இருந்தார். அது பின்னால் நிரூபணமாகி அந்த ஜூரரும் தண்டனை பெற்றார். பட்டத்தையும் லஞ்சத்தையும் ஒரே காட்சித் தொடரில் வையுங்கள். பட்டம் முதல் பத்து நிமிடத்திலும் லஞ்சம் அறுபதாவது நிமிடத்திலும் வந்தால், நடுவில் இருக்கும் ஐம்பது நிமிடமும் பார்வையாளர் அவருடைய ரசிகராகவே உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று, தர்மகாரியங்கள். சிகாகோ தாதா அல் கபோன் 1930-ல் அந்த ஊரில் இலவச சூப் கொடுத்தார், கொலம்பிய போதைக் கடத்தல் தலைவர் பாப்லோ எஸ்கோபார் மெடலின் நகரில் வீடு கட்டிக் கொடுத்தார். இவை நடந்தவைதான், மறைக்கக் கூடாது. ஆனால் ஒரு தர்மகாரியத்தைக் காட்டும்போது, அதே ஆண்டில் அதே ஊரில் அவருடைய ஆட்கள் செய்த இன்னொன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். வேறு ஆண்டுக் கொலையைப் பக்கத்தில் வைத்தால் அது வாதத் தந்திரம் ஆகிவிடும். தேதி பொருந்த வேண்டும்.

ஏடகம்

தலைவரைச் சந்திப்பதற்கு முன்னால் ஆவணங்கள் முழுக்கக் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வரிசை மாறினால், அவர் சொன்ன கதைக்கு ஆதாரம் தேடுகிற வேலையாக ஆராய்ச்சி மாறிவிடும்.

அமெரிக்க ஃபெடரல் வழக்கு என்றால் 'பேசர்' என்ற இணையத் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட். ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர்தான். ஆனால் சாட்சியப் பதிவுகளுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது, அங்கேதான் பட்ஜெட் பிய்த்துக்கொள்ளும். காலாண்டுக்கு 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. 1990-களுக்கு முந்தைய வழக்குகள் பெரும்பாலும் காகிதத்தில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். வழக்கு எண்ணோடு பெட்டி எண்ணும் தேவைப்படும்; நீதிமன்ற கிளார்க் அலுவலகத்தில் அதைக் கேட்டு வாங்கிய பிறகே காப்பகத்துக்கு எழுதுங்கள்.

தகவல் சுதந்திரச் சட்டப்படி எஃப்பிஐ கோப்பு கேட்கலாம். சட்டப்படி 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். கோப்பு கையில் கிடைக்க மாதங்களும் ஆகும், ஆண்டுகளும் ஆகும். ஆள் உயிரோடிருந்தால் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும், இறந்திருந்தால் இறப்புக்கான சான்று வேண்டும். பத்திரிகையில் வந்த இரங்கல் செய்தியே போதும். சம்மதப் படிவத்தை முதல் சந்திப்பிலேயே தலைவரிடம் நீட்டுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் அதுவும் ஒரு தகவல்தான்.

உரிமை விஷயத்தில் பலரும் விழுகிற குழி ஒன்று உண்டு. ஃபெடரல் அரசு ஊழியர் பணியில் எடுத்த படம், பதிவு ஆகியவற்றுக்குக் காப்புரிமை இல்லை. அதை வைத்துக்கொண்டு கோப்பில் இருப்பதெல்லாம் இலவசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எஃப்பிஐ கோப்பில் ஒட்டப்பட்ட பத்திரிகைத் துண்டு அந்தப் பத்திரிகைக்கே சொந்தம். மாநில, நகரப் போலீஸ் எடுத்த படங்களுக்கு இந்த விதி பொருந்தாது. டிவி செய்தித் துண்டில் சேனலின் உரிமை ஒன்று, அதில் கேட்கும் பின்னணி இசைக்கு இன்னொன்று.

பழைய பத்திரிகையை ஏன் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்பதற்கு கொலம்பியாவில் சான்று இருக்கிறது. எஸ்கோபார் நாடாளுமன்றம் வரை போய், மக்கள் தலைவராக உலா வந்துகொண்டிருந்தார். 1983-ல் 'எல் எஸ்பெக்டடோர்' நாளிதழ் தன் காப்பகத்திலிருந்து 1976-ம் ஆண்டு செய்தியை எடுத்து மறுபடி அச்சிட்டது. போதைக் கடத்தலில் அவர் கைதான செய்தி அது. அவருடைய அரசியல் வாழ்க்கை அதோடு சரிந்தது. ஆசிரியர் கில்லர்மோ கானோ 1986 டிசம்பர் 17 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கைதுப் புகைப்படத்தில் எஸ்கோபார் சிரித்துக்கொண்டிருப்பார். இன்று அது டி-ஷர்ட்டில் ஓடுகிறது. படத்தில் அதைப் பயன்படுத்துவதானால் கானோவின் கதையோடு பயன்படுத்துங்கள்.

கத்தரிமேசை

ஏடகம் சொன்னதை எடிட்டிங் மேசையில் எப்படி நடைமுறைப்படுத்துவது என்று சொல்கிறேன்.

தலைவரின் பேட்டி முழுவதையும் டைம்கோடோடு (பதிவின் எந்த மணி, நிமிடம், விநாடி என்ற குறிப்பு) எழுத்தில் இறக்குங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்றில் ஒரு நிறம். பச்சை: நீதிமன்ற ஆவணத்தில் உறுதியானது. மஞ்சள்: ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருவர் சொன்னது. சிவப்பு: அவர் வாய்ச்சொல் மட்டும். இதே நிறங்களை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் கிளிப்களுக்கும் கொடுங்கள். முதல் கோர்ப்பு முடிந்ததும் டைம்லைனைச் சுருக்கிப் பார்த்தால் படத்தின் உடல்நிலை ஒரே பார்வையில் தெரியும். சிவப்பு தொடர்ந்து 90 விநாடிக்கு மேல் ஓடும் இடமெல்லாம் படம் அவர் கைக்குப் போன இடம்.

மஞ்சளில் ஏமாற வாய்ப்பு அதிகம். இரண்டு சாட்சிகள் சொன்னார்கள் என்று நினைப்போம். தேடிப் பார்த்தால் இருவருமே பழைய பத்திரிகைக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டுச் சொல்லியிருப்பார்கள், அந்தக் கட்டுரையோ தலைவரின் பேட்டியை வைத்து எழுதியதாக இருக்கும். சாட்சி எங்கிருந்து தெரிந்துகொண்டார் என்பதற்கும் அட்டவணையில் ஒரு பத்தி வேண்டும்.

தொகைகள் எல்லாமே சிவப்பிலிருந்துதான் தொடங்கும். "ஒரு நாளைக்குப் பத்து லட்சம் டாலர் வருமானம்" என்பது இந்த வகைப் படங்களில் வழக்கமாகக் கேட்கிற வாக்கியம். மொத்த விற்பனையா, செலவு போக மிச்சமா, அவர் பங்கா, கும்பல் முழுவதுக்குமா என்று பிரித்துக் கேளுங்கள். குற்றப்பத்திரிகையில் இருக்கும் தொகை, பறிமுதல் ஆணையில் இருக்கும் தொகை, அவர் சொல்லும் தொகை, மூன்றும் மூன்றாக இருக்கும். திரையில் எழுத்தாகப் போடுவதானால் எந்தத் தொகை, யார் சொன்னது என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

80 நிமிடத்தில் அவருடைய குரல் 25 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேரம் பேசத் தோன்றும், அப்போது இது உதவும்.

ஒளியளவு

முகம் மறைக்கும் நிபந்தனை பற்றி. பெரும்பாலும் எல்லோரும் போகும் வழி நிழலுரு. பின்னணி வெளிச்சமாக, ஆள் இருட்டாக. இதில் இரண்டு ஆபத்துகள்.

முதலாவது தொழில்நுட்பம். இன்றைய கேமராக்கள் லாக் அல்லது ரா பதிவில் (ஒளி விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் வடிவங்கள்) 12 முதல் 14 ஸ்டாப் வரை பிடிக்கும்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது. மானிட்டரில் கறுப்பாகத் தெரிகிற முகம் கோப்பில் உயிரோடு இருக்கும். கலர் கிரேடிங்கில் (பிறகு செய்யும் நிற, ஒளித் திருத்தத்தில்) நிழலை ஏற்றினால் கண்ணும் வாயும் வந்து நிற்கும். ஆகவே இருட்டை கிரேடிங்கில் செய்யலாம் என்று விடாதீர்கள், செட்டிலேயே செய்யுங்கள். கேமரா பக்கமும் இரு ஓரங்களிலும் கறுப்புத் துணி, தரையிலும் கறுப்புத் துணி. வெள்ளைச் சட்டை போட்ட உதவியாளர் எதிரே நின்றாலே முகத்தில் ஒளி திரும்பும். பின்னணியைவிட முகம் குறைந்தது ஐந்து ஸ்டாப் கீழே இருக்கட்டும். பிறகு ஒரு சோதனைத் துண்டு எடுத்து, அங்கேயே லேப்டாப்பில் எக்ஸ்போஷரை முழுக்க ஏற்றிப் பாருங்கள். ஏதாவது தெரிந்தால் ஒளியமைப்பை மாற்றுங்கள். மூக்குக் கண்ணாடி, பளபளப்பான மேசை, மோதிரம், பச்சை குத்திய கை எல்லாவற்றையும் பாருங்கள். பக்கவாட்டுக் கோணம் வேண்டாம், மூக்கும் காதும் ஆளைக் காட்டிக் கொடுக்கும். எடிட்டருக்கு மூலக் கோப்பு போகக் கூடாது. நிழலில் இருக்கும் விவரத்தை முழுக்கக் கறுப்பாக்கி அழித்த பிரதி மட்டும் போகட்டும். மூலம் குறியாக்கம் செய்த டிரைவில் தனியாக.

இரண்டாவது ஆபத்து இதைவிடப் பெரியது. நிழலுரு அழகாக இருக்கும். தோளோரம் ஒரு விளிம்பு ஒளி, கொஞ்சம் புகை என்று சேர்த்தால் சினிமா போஸ்டர் தயார். நிக்கி பார்ன்ஸ் விவகாரத்தைப் பாருங்கள். ஹார்லெமின் ஹெராயின் வியாபாரி. 1977 ஜூன் 5 அன்று நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழின் அட்டையில், டெனிம் சூட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக அவரே போஸ் கொடுத்து நின்றார். அது ஜனாதிபதி கார்ட்டர் கண்ணில் பட்டு, வழக்கு தீவிரமாகி, அதே டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு. 1978 ஜனவரியில் ஆயுள் தண்டனை. பிறகு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி 1998-ல் வெளியே வந்தார். 2007-ல் வெளியான ஆவணப்படத்தில் அவர் நிழலுருவாகத்தான் வந்தார். அட்டைப்படம் தந்த கவர்ச்சியை நிழலும் தரும், முகம் தெரியாததால் கூடுதலாகவே தரும் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் லைட் போட வேண்டும்.

என் தேர்வு இது: தட்டையான சாம்பல் சுவர், விளிம்பு ஒளி கிடையாது, புகை கிடையாது. அல்லது உருவமே வேண்டாம், குரலை மட்டும் எடுத்து அவர் சொல்லும் இடங்களின் இன்றைய காட்சியில் ஓடவிடலாம்.

கேமரா கண் மட்டத்தில். அதற்குக் கீழே பத்து சென்டிமீட்டர் இறங்கினாலே ஆள் வளர்ந்துவிடுவார். மெல்ல நெருங்கும் டிராலி வேண்டாம். உயரமான முதுகுச் சாய்வுள்ள நாற்காலி வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், பாதிக்கப்பட்ட குடும்பத்தாருக்கும் அவருக்கும் அதே லென்ஸ், அதே தூரம், அதே உயரம், அதே லைட் விகிதம். அவருக்கு 85 மில்லிமீட்டர் லென்ஸில் மங்கலான பின்னணியும், அவர்களுக்குக் கிடைத்த அறையில் டியூப் லைட்டும் என்றால் படம் யார் பக்கம் என்று வசனமே தேவையில்லை.

லண்டன் தாதாக்களான க்ரே சகோதரர்களை 1965-ல் டேவிட் பெய்லி எடுத்த புகைப்படம் இன்றும் அவர்களுடைய அடையாளமாக நிற்கிறது. ரோனி க்ரே ஜார்ஜ் கார்னெலை மதுக்கடையில் சுட்டது 1966 மார்ச் 9. புகைப்படம் எத்தனை பேருக்குத் தெரியும், கார்னெல் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒலித்தடம்

குரலையும் மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்வதற்கு முன் எதை மறைக்கிறோம் என்று கேளுங்கள். ஒளியளவு சொன்ன பார்ன்ஸ் யார் என்று உலகத்துக்கே தெரியும். மறைக்க வேண்டியிருந்தது அவருடைய இன்றைய தோற்றமும் புதிய பெயரும் ஊரும்தான். அப்படிப்பட்டவருக்குக் குரலை மாற்றினால் பயனில்லை, நாடகத்தனம்தான் கூடும்.

சாட்சிகள், கீழ்மட்ட ஆட்கள் விஷயம் வேறு. அங்கே பிட்ச்சை (குரலின் சுருதியை) இறக்கி வைப்பது பாதுகாப்பே அல்ல. எவ்வளவு இறக்கினோமோ அவ்வளவு ஏற்றினால் பழைய குரல் திரும்பிவிடும். உயிருக்கு ஆபத்து உண்மையாக இருந்தால், எழுத்தில் இறக்கியதை வேறொருவர் வாசிக்கட்டும், வாசிப்பவர் வேறு என்று திரையில் எழுதுங்கள். நடிக்காமல் வாசிக்கச் சொல்லுங்கள். மூலப் பேச்சில் இருக்கும் தனிப்பட்ட சொல்வழக்குகளும் ஆளைக் காட்டிக்கொடுக்கும், அவற்றை வெட்டிவிடுங்கள்.

பதிவில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபல். சட்டையில் ஒரு மைக், தலைக்கு மேல் பூம் மைக், இரண்டும் தனித்தனித் தடத்தில். மோதிரம் போட்ட கை மேசையில் தட்டும், துணி விரித்துவிடுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு நிமிடம் அறையின் மௌனத்தைப் பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள்.

வசீகரத்துக்கு ஒலியே மருந்து என்றும் சொல்வேன். ஜான் காட்டியைக் கடைசியில் வீழ்த்தியதில் பெரும்பங்கு நியூயார்க்கின் மல்பெரி தெருவில் அவர் ஆட்கள் கூடும் ராவனைட் கிளப்புக்கு மேலே இருந்த ஒரு குடியிருப்பில் எஃப்பிஐ பொருத்திய ஒட்டுக்கேட்பு மைக்குக்கு. 1989 டிசம்பர் பதிவில், கூப்பிட்டும் வரவில்லை என்பதற்காக ஒருவர் சாக வேண்டும் என்று சாதாரணமாகப் பேசுவார். கேமராவுக்குக் காட்டும் புன்னகையும் இந்தக் குரலும் ஒரே ஆளுடையவை. நீதிமன்றத்தில் போட்டுக் காட்டிய இப்படியான பதிவு கிடைத்தால் இசை சேர்க்காமல், கறுப்புத் திரையில் வசனம் மட்டும் போட்டு, 40 விநாடி விடுங்கள். இரைச்சலை அதிகமாக நீக்காதீர்கள், மெய்யெழுத்துகள் தேய்ந்து வேறு சொல்லாகக் கேட்கும். புரியாத இடத்தில் 'தெளிவில்லை' என்றே எழுதுங்கள்.

நெடும்பதிவு

நன்றி. பேட்டி எடுக்கும் முறை பற்றியும், அவர் பணம் கேட்டால் என்ன செய்வது என்பது பற்றியும் யாராவது எழுதுங்கள். நாற்பது ஆண்டாக ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி மெருகேறிய ஆளை அதிலிருந்து எப்படி வெளியே கொண்டுவருவது?

மறுபக்கம்

மெருகேறிய கதைக்கு ஓர் அடையாளம் உண்டு. பழைய பேட்டிகளோடு ஒப்பிட்டால் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும், நிறுத்தும் இடம்கூட மாறாது. ஆகவே அவருடைய பழைய பேட்டிகள் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொண்டு போங்கள்.

மூன்று அமர்வுகளாகப் பிரியுங்கள், நடுவில் சில வாரம் இடைவெளி இருக்கட்டும். முதல் அமர்வில் அவரைத் தடுக்க வேண்டாம், முழுக்கச் சொல்லட்டும். அந்தக் கதை வெளியே வந்த பிறகே அடுத்தது சாத்தியம். இரண்டாவது அமர்வில் உணர்வு பற்றி ஒரு கேள்விகூட வேண்டாம். நடைமுறையை மட்டும் கேளுங்கள். சாவி யாரிடம் இருந்தது? பணத்தை எந்த அறையில் எண்ணினார்கள்? எண்ணியவருக்குச் சம்பளம் யார் கொடுத்தது? வெள்ளைக் காகிதம் கொடுத்து அறையின் வரைபடம் போடச் சொல்லுங்கள். "அப்போது என்ன உணர்ந்தீர்கள்" என்ற கேள்விக்கு அவரிடம் தயாரான பதில் இருக்கும், "கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா" என்பதற்கு இருக்காது. நிகழ்ச்சிகளைப் பின்னாலிருந்து முன்னால் கேட்பதும் உதவும்.

மூன்றாவது அமர்வில் ஆவணங்கள். ஒரு தாளை அவர் கையில் கொடுத்து, வாசிக்கச் சொல்லி, கேள்வி கேட்காமல் காத்திருங்கள். அந்த மௌனத்தை நிரப்பிவிட வேண்டும் என்று பேட்டி எடுப்பவருக்குக் கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் தாளை மடித்து வைப்பதும் பதிவாகட்டும்.

கேள்வி கேட்பவரின் குரலை வெட்டிவிடாதீர்கள். கேள்வி இல்லாமல் பதில் மட்டும் வந்தால் அவர் தானாக மனம் திறந்தது போலத் தோன்றும். எதைக் கேட்டபோது பேச்சை மாற்றினார் என்பது பார்வையாளருக்குத் தெரிய வேண்டும்.

வழக்குரை

பணம் பற்றி. பேட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். அவரிடம் இருக்கும் பழைய புகைப்படம், வீடியோவுக்கு உரிமைக் கட்டணம் கொடுக்கலாம். சந்தை விலைக்கு, தனி ஒப்பந்தத்தில், படத்திலும் அறிவித்து. சட்டமும் குறுக்கே வரும். குற்றவாளி தன் குற்றக் கதையை விற்றுச் சம்பாதிப்பதைத் தடுக்க நியூயார்க்கில் 1977-ல் கொண்டுவந்த 'சன் ஆஃப் சாம்' சட்டத்தை 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று ரத்து செய்தது. அதோடு விஷயம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 2001-ல் திருத்திய சட்டம் வந்தது. தண்டனை பெற்றவருக்கு 10,000 டாலரோ அதற்கு மேலோ போனால், கொடுப்பவர் அரசின் பாதிக்கப்பட்டோர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டு அதைக் கேட்கலாம். பிரிட்டனில் 2009 சட்டப்படி குற்றக் கதையால் வந்த வருமானத்தை நீதிமன்றம் பறிக்க முடியும்.

சம்மதப் படிவம் கேமரா ஓடுவதற்கு முன். அதில் எடிட்டிங் உரிமை முழுக்கத் தயாரிப்பாளருக்கு, முன்கூட்டியே படத்தைப் பார்க்கும் உரிமையோ மாற்றச் சொல்லும் உரிமையோ அவருக்கு இல்லை என்ற வரி கட்டாயம். வாய்மொழியாக "முதலில் உங்களுக்குத்தான் காட்டுவோம்" என்று சொல்லிவிட்டால் படிவம் இருந்தும் வம்புதான்.

வெட்டிப்போட்ட காட்சிகள் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஈக்வடார் எண்ணெய் மாசு வழக்கு பற்றிய ஆவணப்படம் ஒன்றின் பயன்படுத்தாத பதிவுகளை செவ்ரான் நிறுவனம் கேட்டு வழக்குப் போட்டது. 2011-ல் இரண்டாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுக்கத்தான் வேண்டும் என்றது. வழக்கின் ஒரு தரப்பு கேட்டுக்கொண்டு எடுத்த படம், சுயேச்சையான பத்திரிகைப் பணி என்று நிறுவவில்லை என்பது காரணம். ஆகவே தலைவரின் பணத்திலோ, அவர் வழக்கறிஞரின் அழைப்பிலோ படம் தொடங்கியிருந்தால் உங்களுக்கான பாதுகாப்பு அங்கேயே மெலிகிறது. கொலைக்குக் காலவரம்பு இல்லை. இதுவரை வழக்கில் வராத ஒரு கொலையை அவர் கேமரா முன் சொன்னால் அந்த டேப் ஆதாரம். "இதை யாரிடமும் கொடுக்க மாட்டோம்" என்று உங்களால் காக்க முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். சாட்சிகளின் உண்மைப் பெயர்ப் பட்டியல் காட்சிகள் இருக்கும் டிரைவில் இருக்கவே கூடாது.

விடுதலையான கூட்டாளிகள் உயிரோடிருந்தால் அவர்களைப் பற்றித் தலைவர் சொல்வதை அப்படியே போட முடியாது. "அவர் சொன்னார், நாங்கள் போட்டோம்" என்பது அவதூறு வழக்கில் தற்காப்பு ஆகாது. இதற்குத்தான் பிழை–விடுபடல் காப்பீடு (படத்தின் மேல் இப்படி வழக்கு வந்தால் செலவை ஏற்பது). ஒளிபரப்பு நிறுவனங்கள் வழக்கமாக ஒரு வழக்குக்கு 10 லட்சம் டாலர், மொத்தம் 30 லட்சம் என்று கேட்கும். காப்பீட்டாளர் கத்தரிமேசை சொன்ன அந்த நிற அட்டவணையைத்தான் முதலில் கேட்பார்.

கத்தரிமேசை

பொய்யான ஒரு வாக்கியத்தை அவர் சொல்கிறார், மறுக்கும் ஆவணம் கையில் இருக்கிறது. எதை முதலில் காட்டுவது? ஆவணம் முதலில் என்பது என் பக்கம். பார்வையாளர் உண்மை தெரிந்துகொண்டு அவர் பேசுவதைப் பார்த்தால், எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார் என்பது தெரியும். வசீகரம் வேலை செய்யும் விதத்தையே அங்கே காட்டிவிடுகிறோம்.

ஏடகம்

எப்போதும் அப்படி என்றால் பார்வையாளர் முதல் நிமிடத்திலிருந்தே அவரைவிட உயரத்தில் உட்கார்ந்துவிடுவார். அந்த ஊர்க்காரர்கள், ஜூரிகள், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் ஏன் ஏமாந்தார்கள் என்பது புரியாமலே போகும். ஒரு முறையாவது அவர் முதலில் பேசட்டும், பார்வையாளர் நம்பட்டும், பிறகு தாள் வரட்டும். ஆனால் தாள் அதே காட்சியில் வர வேண்டும், இரண்டு நிமிடத்துக்குள்.

கத்தரிமேசை

ஒரு முறை என்றால் சரி. இரண்டாவது முறை செய்தால் அது திருப்புமுனை விளையாட்டாகிவிடும். அதுவும் உயிரிழப்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் கூடவே கூடாது. இறந்தவரைப் பற்றி அவர் சொல்லும் பொய்யை இரண்டு நிமிடம்கூட மறுப்பில்லாமல் நிற்கவிடக் கூடாது.

ஒலித்தடம்

இசை பற்றி யாரும் தொடவில்லை. அந்தக் காலத்துப் பாட்டு ஒன்றைப் போட்டு, நோட்டுக் கட்டுகள், கார்கள், உடைகள் என்று அடுக்கும் காட்சித் தொடர் இல்லாத தாதா படம் அரிது. அங்கே தாளம்தான் தீர்ப்புச் சொல்கிறது. எல்லாக் காட்சியையும் முதலில் இசையே இல்லாமல் வெட்டி முடியுங்கள். இசையில்லாமல் நிற்காத காட்சி தகவல் இல்லாத காட்சி. எடிட்டிங்கின்போது தற்காலிகமாகப் போடும் பாட்டு ஆபத்தானது. மூன்று மாதம் அதைக் கேட்டுப் பழகிய பிறகு மாற்ற மனசு வராது. கடைசியில் உரிமை கேட்டால் இரண்டு வாங்க வேண்டும், பாட்டை இயற்றியதற்குப் பதிப்பாளரிடம் ஒன்று, அந்தப் பதிவுக்கு இசை நிறுவனத்திடம் ஒன்று. ஒருவர் மறுத்தாலும் காட்சி போச்சு.

மறுபக்கம்

பாதிக்கப்பட்டவர்கள் பக்கம். முதல் பத்து நிமிடத்துக்குள் குறைந்தது ஒருவருடைய பெயர், தொழில், வயது திரையில் வந்துவிட வேண்டும். 'பலர்' என்ற சொல் எப்போதும் தலைவருக்குச் சாதகம். 1989 நவம்பர் 27 அன்று கொலம்பியாவின் அவியாங்கா விமானம் 203-ல் எஸ்கோபாரின் கும்பல் வைத்து வெடித்த குண்டில், விமானத்தில் இருந்த 107 பேரும் இறந்தார்கள். இதை எண்ணாகச் சொல்லிவிட்டு எஸ்கோபாரின் வீட்டு நீர்யானைகளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கும் படத்தின் கணக்கு எனக்கு ஏற்பில்லை.

குடும்பத்தாரைத் தொடர்புகொள்ளும்போது, தலைவரும் படத்தில் பேசுகிறார் என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள். பிறகு தெரிந்தால் அது துரோகம். எடிட்டிங் இறுதியாகும் வரை விலகிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு எழுத்தில் இருக்கட்டும் (தலைவருக்கு அது வேண்டாம் என்பதில் எனக்குச் சங்கடம் இல்லை). கேமரா ஓடும்போது அவர் பேட்டியை அவர்களுக்குப் போட்டுக் காட்டி முகபாவத்தைப் பிடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். வெளியீட்டுக்கு முன் தனித் திரையிடல், டிரெய்லர் எந்தத் தேதியில் வரும் என்ற தகவல், இரண்டும் அவர்களுக்கு முன்கூட்டியே போக வேண்டும். டிரெய்லரைச் சந்தைப்படுத்தும் குழு வெட்டும். படத்தில் பார்த்துப் பார்த்து எடுத்த கவர்ச்சியெல்லாம் அதில் திரும்ப வந்து உட்காரும். போஸ்டருக்கும் டிரெய்லருக்கும் இயக்குநர் ஒப்புதல் வேண்டும் என்று விநியோக ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

ஏடகம்

பழைய காட்சிகள் பற்றிச் சிறு குறிப்புகள். வாட்டர்மார்க் போட்ட பிரதியில் எடிட்டிங் முடித்துவிட்டு மூலத்தை வாங்கினால் டைம்கோடு பொருந்தாமல் கண்ணால் பார்த்து மறுபடி வெட்ட வேண்டி வரும். பிரதி வாங்கும்போதே படத்தின் மேலேயே பதித்த டைம்கோடு கேளுங்கள். பழைய டிவியின் 4:3 அளவில் இருக்கும் படத்தை இழுத்து அகலமாக்காதீர்கள். பல காப்பகங்கள் எடுத்த விநாடிக்கு மட்டும் விலை போடாது, 30 அல்லது 60 விநாடி குறைந்தபட்சம் வைத்திருக்கும். ஐந்து இடத்தில் ஐந்து விநாடி எடுப்பதைவிட இரண்டு இடத்தில் நீளமாக எடுப்பது மலிவு, படத்துக்கும் நல்லது.

மங்கலான பழைய புகைப்படத்தை ஏஐ மென்பொருளில் கூர்மையாக்கினால் மூலத்தில் இல்லாத முகத்தை அது வரைந்து கொடுக்கும். கையில் இருப்பது துப்பாக்கியா குடையா என்பதே மாறலாம். வேண்டாம். நடித்துக் காட்டும் காட்சி இருந்தால் ஒவ்வொரு முறையும் எழுத்தில் சொல்லுங்கள், படத்தின் தொடக்கத்தில் ஒரு தடவை சொன்னால் போதாது.

வழக்குரை

படத்தின் முடிவில் திரையில் வரும் எழுத்துப் பலகையைச் சட்ட ஆலோசகர் பார்க்காமல் இறுதி செய்யாதீர்கள். எல்லோரும் களைத்துப்போன வாரத்தில் அவசரமாக எழுதப்படுவது அது. ஹார்லெம் ஹெராயின் வியாபாரி ஃபிராங்க் லூகாஸ் வாழ்க்கையை வைத்து 2007-ல் வந்த ஹாலிவுட் படத்தின் கடைசியில், அவருடைய ஒத்துழைப்பால் நியூயார்க் போதைத் தடுப்புப் பிரிவில் நான்கில் மூன்று பங்கினர் தண்டனை பெற்றார்கள் என்ற பொருளில் ஒரு வரி வந்தது. முன்னாள் அதிகாரிகள் வழக்குப் போட்டார்கள். அவ்வளவு பெரிய குழுவில் தனி ஆளைக் குறித்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதால் வழக்கு தள்ளுபடியானது, ஆனால் அந்த வரி உண்மையல்ல என்று நீதிபதி கண்டித்தே எழுதினார். ஆவணப்படத்தில் அப்படி ஒரு வரி வந்திருந்தால் படம் முழுக்க நம்பிக்கை போயிருக்கும்.

இன்னொரு சிக்கல், தலைவர் இப்போது எங்கே என்பது. பார்ன்ஸ் 2012-லேயே இறந்துவிட்டார், செய்தி வெளியானது 2019-ல். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் "இன்றும் எங்கோ வேறு பெயரில் வாழ்கிறார்" என்று எழுதியவர்கள் எல்லோரும் தவறாகத்தான் எழுதினார்கள். கடைசியாக உறுதியான தகவலையும் அதன் தேதியையும் மட்டும் எழுதுங்கள்: "1998-ல் விடுதலையானார்." 'இப்போது', 'இன்றும்' என்ற சொற்கள் அந்தப் பலகையில் வேண்டாம்.

நெடும்பதிவு

அந்தப் பலகையில் தலைவரின் பெயருக்கு முன்னால் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை வைக்கலாமா, அதற்குக் குடும்பங்களின் சம்மதம் வேண்டுமா?

வழக்குரை

தீர்ப்பில் இருக்கும் பெயர்களுக்குச் சட்டப்படி சம்மதம் தேவையில்லை. ஆனாலும் கேளுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் நீதிமன்ற ஆவணத்தில் தவறாக இருப்பது அடிக்கடி நடக்கிறது, சரியானது குடும்பத்துக்குத்தான் தெரியும். தீர்ப்பில் வராத பெயர்களைச் சேர்ப்பதானால் தனிப் பலகையில், "வழக்கு நிரூபிக்கப்படவில்லை" என்ற வரியோடு வையுங்கள்.